பத்துப் பேரும் ஒரே இருட்டும்: கோடிக்கரையில் படமெடுத்த அனுபவம்

கார்ச் சாவியில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை அழுத்தினால் கதவு திறக்கும். கூடவே முன்னும் பின்னும் மஞ்சள் விளக்குகள் கண்சிமிட்டும். பகலில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அமாவாசையை ஒட்டிய இரவில் கேமரா மாட்டிய பத்து முக்காலிகள் (ட்ரைபாட்கள்) கடலைப் பார்த்து நிற்கும்போது, தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனவர் அந்தப் பொத்தானை அழுத்தினால், பத்துக் கேமராக்களிலும் பல விநாடிகளாகப் பதிந்துகொண்டிருக்கும் படங்கள் ஒரே நொடியில் பாழ். மணலெல்லாம் மஞ்சள் அப்பியிருக்கும். அரை மணி நேரம் பொறுத்திருந்து இருட்டுக்குப் பழகிய கண்களும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

இரவு வானத்தையும் காட்டுயிர்களையும் படமெடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூட்டமாகப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்று சொல்பவர்கள் குறைவு. தனியாகப் போகிறவர் தடுமாறினால் அவர் படம் மட்டும் கெடும். கூட்டத்தில் ஒருவர் தடுமாறினால் எல்லார் படமும் கெடும். மானோ பறவையோ அருகில் இருந்தால் அதன் காலைப்பொழுதும் சேர்ந்து கெடும். இதைக் காரணம் காட்டித் தனியாகத்தான் போக வேண்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு ஆளில்லாத கடற்கரையில் தனியாக நிற்பது வீரமில்லை. கூட்டமாகவே போகலாம், ஒளி, ஓசை, காலடி மூன்றுக்கும் புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் குழு கும்பகோணத்தைச் சுற்றியுள்ளவர்களால் ஆனது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவரை எல்லாரும் ஐயா என்போம். பள்ளி ஆசிரியை ஒருவர், எல்லாருக்கும் அக்கா. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், எல்லாருக்கும் தம்பி. மற்றவர்கள் கடை, வங்கி, வயல் என்று பலவிதம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரைக்குப் போகிறோம். ஒரே பயணத்தில் பின்னிரவு வானமும் விடிகாலைப் பறவைகளும் கிடைக்கிற இடம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் வேறில்லை.

கோடிக்கரை நிலமுனை. தெற்கே பாக் நீரிணை, கிழக்கே வங்கக் கடல். ஊர் வெளிச்சமெல்லாம் வடக்கே வேதாரண்யம் பக்கம்தான். வான்படம் எடுப்பவருக்கு வேண்டியது தென்திசைதான் என்பதால் இது பெரிய வரம். பால்வீதியின் மையப்பகுதி தென்வானத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து பார்த்தால் அது உச்சத்திலும் ஏறக்குறைய 32 பாகை உயரம்தான் ஏறும். கோடிக்கரையில் 50 பாகைக்கு ஏறும். டெல்லிக்காரர் தொடுவானப் புழுதிக்குள் தேடுவதை நாம் நிமிர்ந்து பார்த்துப் படமெடுக்கலாம். தென்சிலுவை மண்டலம் டெல்லியில் அநேகமாகத் தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இங்கே பிப்ரவரி நடுவில் பின்னிரவு மூன்று மணி வாக்கில் நேர் தெற்கே, கடலுக்கு மேல் 20 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். முதல் முறை வருபவர்களுக்கு நான் பால்வீதிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வான்படக்காரர்கள் எல்லாரும் அமாவாசை அமாவாசை என்றுதான் காலண்டரைப் புரட்டுவார்கள். தை அமாவாசையன்று கோடிக்கரைக் கடலில் தீர்த்தமாட வரும் கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. முந்தைய இரவே வேன்களும் பஸ்களும் வந்து இறங்கும்; டீக்கடை விளக்கு, வண்டி விளக்கு, ஒலிபெருக்கி என்று கடற்கரையே விழித்திருக்கும். அது தீர்த்தமாட வருபவர்களின் நாள். நமக்கு அங்கே வேலையில்லை. நாங்கள் அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள் விட்டுப் போகிறோம். மூன்றாம் பிறை, நான்காம் பிறையெல்லாம் முன்னிரவிலேயே மறைந்துவிடும். பின்னிரவு முழு இருட்டாக நமக்குக் கிடைக்கும். கடற்கரையிலும் ஈ காக்கை இருக்காது.

மணற்பரப்பிலும் அலையிலும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றால் கணக்கை மாற்றலாம். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போனால் தேய்பிறைக் கீற்று விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் எழும். அந்த மெல்லிய ஒளியில் முன்புறம் துலங்கும், பால்வீதியும் மங்காது. டார்ச் அடித்து முன்புறத்தை வெளிச்சமாக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது. நிலா தரும் ஒளிக்கு அது ஈடாகாது. ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஊரையும் நாளையும் கொடுத்தால் எது எப்போது எழும் என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். காசு கிடையாது.

இடத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கோடிக்கரை 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பொழுது சாய்ந்த பிறகு சரணாலயத்துக்குள் நமக்கு இடமில்லை. யாரையாவது பிடித்து, எதையாவது கொடுத்து உள்ளே போய்விடலாம் என்று நினைப்பவர்களை நாங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. இரவுப் படமெல்லாம் வெளியே, பொதுக் கடற்கரையில். அதற்கும் பகலிலேயே காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர், வண்டி எண், எத்தனை பேர், என்ன வேலை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எதிரே இலங்கை; கடலோரக் காவல் ரோந்து வரும் இடம். இரவில் கறுப்புத் துணி போர்த்திய கருவிகளோடு பத்துப் பேர் நின்றால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். ட்ரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. வண்டியைக் கடலுக்கு முகம் காட்டி நிறுத்தாமல், கிளம்பும்போது முகப்பு விளக்கு யார் மேலும் படாத திசையில் திருப்பி நிறுத்துவோம். உள்விளக்கை அணைத்து வைத்துவிடுவோம். இரவில் தேவைப்படும் பொருள் எதுவும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் ஒரு தார்ப்பாயில் வரிசையாக வெளியே இருக்கும். கதவைச் சாவியை நுழைத்துக் கையால்தான் திறக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தின் ஒளி எந்தப் பக்கம் வீசுகிறது என்று முந்தின மாலையே பார்த்து, அது முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பிடிப்போம். எங்கே ஈரமணல், எங்கே புதைமணல், எங்கே வலை காயப்போட்டிருக்கிறார்கள் என்பதையும் பகலில் பார்த்துவிட வேண்டும். இருட்டில் வலையில் கால் மாட்டினால் வலையும் போகும், நம் மானமும் போகும்.

கேமராவுக்குள்ளும் சில விளக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கை மெனுவில் போய் அணைக்க வேண்டும். கார்டில் படம் பதியும்போது மினுக்கும் சிவப்புப் புள்ளியின் மேல் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். படம் எடுத்ததும் பின்திரையில் பளிச்சென்று காட்டும் வசதியை நிறுத்தி, திரை ஒளியைக் கடைசிப் படிக்குக் குறைக்க வேண்டும். கைபேசிதான் பெரிய பகை. ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து திரை விழித்தால் பக்கத்தில் இருப்பவர் படத்தில் உங்கள் முகம் பேய்போல் நிற்கும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவோம். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் சிவப்பொளியை அதிகம் உணர்வதில்லை என்பதால் கண்ணின் பழக்கம் கலையாது. ஆனால் கேமராவுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். சிவப்பு டார்ச் என்று நம்பி அடுத்தவர் லென்ஸ் முன்னால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பச்சை லேசர் விஷயத்தில் நாங்கள் கண்டிப்பு. வானத்தில் இது சித்திரை, அது சுவாதி, அதோ விருச்சிகத்தில் கேட்டை என்று காட்ட லேசர் அருமையான கருவி. அக்காவிடம் மட்டும் ஒன்று உண்டு. முதல் அரை மணி நேரம், கண்கள் பழகும்வரை, அவர் பாடம் நடத்துவார். விமானம் தெரிந்தால் அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு லேசர் பைக்குள் போய்விடும்.

இனி எங்கள் குழு கண்டுபிடித்த, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் திறப்பது. ஐயா தபால் நிலையத்தில் முத்திரை குத்திய அதே நிதானத்தோடு, “தயாரா? திற!” என்பார். பத்து ஷட்டர்கள் ஒன்றாகச் சொடுக்கும். யாரும் அசைவதில்லை. அலைச்சத்தம் மட்டும். இருபதாவது விநாடியில் “மூடியாயிற்று” என்பார். அடுத்த அரை நிமிடம் அனைவருக்கும் சொந்தம்: நகரலாம், இருமலாம், திரையைப் பார்க்கலாம், சிவப்பு டார்ச்சைத் தரையை நோக்கி அடிக்கலாம். பிறகு மறுபடி “தயாரா?” இது பள்ளிக்கூட அணிவகுப்புப் போல் இருக்கிறது என்று புதிதாக வந்த ஒருவர் முதலில் முகம் சுளித்தார். விடிந்து கார்டைப் பார்த்தபோது ஒளிக்கீற்று விழுந்த படம் ஒன்றுகூட இல்லை; அதன் பிறகு அவரே எண்ணத் தொடங்கிவிட்டார். நட்சத்திரங்கள் கோடுகளாகப் பதியும் தடங்களுக்காகத் தொடர்ந்து ஒரு மணி நேரம் எடுக்க விரும்புபவர்கள் மட்டும் நூறடி தள்ளி, கடற்கரையின் மறு ஓரத்தில் நிற்பார்கள். அவர்கள் பக்கம் யாரும் நடப்பதில்லை.

இருபது விநாடி என்பது குருட்டுக் கணக்கு இல்லை. பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்கிறது. அதிக நேரம் திறந்தால் புள்ளி கோடாகிவிடும். 500-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் தாங்கும் நேரம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு: முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. சிறிய சென்சார் என்றால் குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டு வகுக்க வேண்டும், 16 மி.மீ. லென்ஸுக்கு இருபது, இருபத்தொரு விநாடி வரும். இன்றைய கேமராக்களின் நுணுக்கத்துக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம்தான். பெரிதாக அச்சிட நினைப்பவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, வண்ணவெப்பம் 4000 கெல்வின் சுற்றுவட்டாரம், கேமரா திருத்தாத மூலத் தரவான ரா கோப்பு. இதிலிருந்து தொடங்கி முதல் படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வதுதான். ஒரே சட்டகத்தில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, வீட்டில் சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் இருட்டில் எடுத்த படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள், அதாவது இரைச்சல், நன்றாகக் குறையும். நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் நீக்கும் வசதியைக் கேமராவில் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் இன்னோர் இருபது விநாடி கேமரா தனக்குத்தானே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஐயா “திற” என்னும்போது அது திறக்காது.

ஃபோகஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே என்று அங்கே திருப்பி வைத்தால் போதாது. சுவாதி போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைச் சட்டகத்தின் நடுவில் கொண்டுவந்து, பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் அது மங்கலான ஒரு வட்டமாகத் தெரியும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப வட்டம் சுருங்கும். ஓரத்தில் ஊதாவும் சிவப்பும் மாறி மாறி எட்டிப்பார்க்கும். ஒரு கட்டத்தில் குண்டூசி முனையளவாகி, அதைச் சுற்றி இதுவரை தெரியாத மங்கல் நட்சத்திரங்கள் திடீரென முளைக்கும். அதுதான் இடம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவை மறையும். திரும்பி வந்து நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இதை மாலையிலேயே பழகிக்கொள்ளலாம். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் அகத்திய நட்சத்திரம் தெற்கே நன்றாக ஏறி நிற்கும்.

கோடிக்கரையின் உண்மையான எதிரி பனி. கடற்காற்றின் ஈரம் பின்னிரவில் லென்ஸின் முன்கண்ணாடியில் படியும். படம் மெல்ல மெல்ல மங்குவதால் உடனே தெரியாது. ஊரிலிருந்து வந்த மேகம் என்று நினைத்துக்கொண்டே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பவர்பேங்கில் ஓடும் வெப்பப் பட்டை ஒன்றை லென்ஸ் கழுத்தில் சுற்றினால் தீர்ந்தது. படிந்ததை உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும் கூடாது. அது வெறும் நீர் அல்ல, உப்பும் சேர்ந்தது. முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்துணி. ட்ரைபாட் கால்களையும் அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதன் பூட்டுகள் திறக்காது.

பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்றால் பத்துப் படமும் ஒன்றுபோல் இருக்கும் என்பது நியாயமான புகார். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் தென்சிலுவையை மட்டும். ஒருவர் கிழக்கே எழும் பால்வீதியை அகலப்படமாக. ஒருவர் கரையேற்றிய கட்டுமரத்தை முன்னிறுத்தி. ஒருவர் நிற்கும் மனிதர்களை நிழலுருவாக. தம்பி கைபேசியை ட்ரைபாடில் மாட்டி இரவுப் பயன்முறையில் எடுத்த படம், பெரிய கேமராக்காரர்கள் சிலரின் வாயை அடைத்ததும் உண்டு. நான்கு மணிக்குப் படகுகள் கடலில் இறங்கத் தொடங்கும். அவற்றின் விளக்கு வானத்தைக் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும். புதியவர்கள் முணுமுணுப்பார்கள். படகுக்காரர்கள் தொழிலுக்குப் போகிறார்கள், நாம் பொழுதுபோக்கிக்கொண்டு நிற்கிறோம். முணுமுணுக்க நமக்கு உரிமையில்லை. அந்த விளக்குகள் தண்ணீரில் இழுக்கும் பொன்கோடுகளோடு எடுத்த படங்கள்தான் என் சுவரில் மாட்டியிருக்கின்றன.

ஐந்தேகாலுக்குமேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கினால் வானம் முடிந்தது. சூரியன் எழுவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சூடான டீ, ஒரு பன், அப்புறம் கேமராவை மாற்றியமைப்பது. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். தம்பியின் முதல் பயணத்தில், சரணாலயத்துக்குள் நுழைந்த சற்று நேரத்தில் கரிய ஆண் வெளிமான் ஒன்று சாலையோரப் புல்வெளியில் முறுக்குக் கொம்புகளோடு வந்து நின்றது. தம்பி ஷட்டரை அழுத்தினார். அது திறந்தது, மூடவேயில்லை. இரவின் இருபது விநாடி, ஐஎஸ்ஓ 3200, டேப் ஒட்டிய ஃபோகஸ் எல்லாம் அப்படியே இருந்தன. மான் போய்விட்டது. பல கேமராக்களில் அமைப்புகளைச் சேமித்து வைக்க சி1, சி2 என்று இடங்கள் இருக்கும். ஒன்றில் வானம், ஒன்றில் பறவை என்று வீட்டிலேயே பதிந்து வைத்தால் ஒரு திருப்பில் மாறிவிடலாம். லென்ஸைக் காற்றும் மணலும் இல்லாத அறைக்குள் வைத்து மாற்றுங்கள்.

இரவில் ஒளி என்றால் காலையில் காலடி. வனத்துறை அனுமதியோடு, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன்வரப் போகிறோம். வெளிமான் கூட்டத்தைப் பார்த்ததும் பத்துப் பேரும் நல்ல கோணம் தேடி இரண்டு பக்கமும் பரவுவது இயல்பு. மானின் கண்ணிலிருந்து பார்த்தால் வேட்டை நாய்கள் வளைப்பதும் இதுவும் ஒன்றுதான். ஓடத் தொடங்கும். அதனால் எங்கள் வரிசை எப்போதும் ஒரே பக்கம்: சிறிய லென்ஸ்காரர்கள் முன்னால் உட்கார, நீள லென்ஸ்காரர்கள் பின்னால். மறுபக்கம் முழுக்கத் திறந்திருக்கும். போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் மான் அவசரப்படுவதில்லை. நேராக அதை நோக்கி நடக்காமல், வேறெங்கோ போகிறவர்போல் சாய்வாக நடந்து, இடையிடையே உட்கார வேண்டும். மேயும் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து காதுகள் நம் பக்கம் திரும்பினால் அதுதான் எல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கால் மணி நேரத்தில் தலைகள் மீண்டும் தாழும். சில நாள்களில் அவையே நம் பக்கம் மேய்ந்துகொண்டு வரும்.

ஆண் வெளிமானைப் படமெடுப்பது கொஞ்சம் வம்பு. மேலே கறுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. கறுப்பைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; வெள்ளை வெளிறிப்போகும். வெளிச்சத்தை வெள்ளைக்கு ஏற்ப அளந்துகொண்டு, பக்கவாட்டு வெயில் விழும் நேரத்தில் எடுத்தால் கறுப்பு ரோமத்துக்குள்ளும் பழுப்புத் தெரியும். எட்டரை மணிக்குமேல் அந்த ஒளி கிடைக்காது.

உப்பளப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கப் போகும்போது வேறு மாதிரி. அங்கே மறைவு ஏதுமில்லை. வரப்பில் நிற்கும் மனிதன் ஒரு மைலுக்குத் தெரிவான். வரப்புகள் நடைபாதையும் இல்லை. ஈரமாக இருக்கும்போது மிதித்தால் சரியும், பாத்தியில் சேறு கலங்கும். அங்கே வேலை செய்பவர்களிடம் எந்த வழியில் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. பட்டாணி உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வரப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து கேமராவைத் தரையோடு வைத்தால் அவற்றின் கண்மட்டத்தில் படம் கிடைக்கும். பெரிய பூநாரைக் கூட்டத்துக்காக இவற்றை ஏறிட்டும் பார்க்காமல் போகிறவர்கள் பாதி விருந்தை விட்டுவிடுகிறார்கள்.

அங்கே நடந்த ஒன்று. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. எங்களோடு முதல் முறை வந்திருந்த ஒருவர் பொறுமையிழந்து காவலரிடம், “அண்ணே, ஒரு சத்தம் கொடுங்களேன், பறந்தால் இறக்கைச் சிவப்பு தெரியும்” என்றார். காவலர் கோபிக்கவில்லை. “சார், அது எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் பாருங்கள். நீங்கள் சாப்பிடும்போது யாராவது அப்படி ஓடவிட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பூநாரை நீரின்மேல் ஓடி வேகம் பிடித்துத்தான் எழ முடியும். உள்ளான்களுக்கோ பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒவ்வொரு கவளமும் கணக்கு. வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் அது. பருந்து எதுவும் வந்தால், நீர் வற்றினால், கூட்டம் தானே எழும். அன்றும் ஒரு மணி நேரம் கழித்து எழுந்தது. நண்பர் 1/2000 விநாடி ஷட்டர் வேகத்தில் தயாராக இருந்தார். எடுத்தார்.

வெண்பறவை, வெண்ணுப்பு, வெயில் மூன்றும் சேர்ந்தால் கேமரா மிரண்டு படத்தை இருட்டாக்கும்; கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் படி கூட்டுங்கள். பின்னணி கருநீரானால் அதே பறவைக்கு முக்கால் படி குறைக்க வேண்டும். ஒன்பது மணிக்குமேல் உப்புத் தரையிலிருந்து கானல் கிளம்பும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் தூரத்துப் பறவை தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். அப்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொலைநோக்கியால் பாருங்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவை படத்தில் சிக்கினால் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகக் கோடிக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்கிறது. உங்கள் மங்கலான படம்கூட அவர்களுக்குப் பயன்படலாம். தரையில் முட்டையிடும் பறவைகளின் கூட்டை மட்டும் எடுக்க வேண்டாம், எடுத்தாலும் வெளியிட வேண்டாம். ஒரு படம் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது கேமராக்கள் நிற்கும்.

பக்கி என்ற இரவுப் பறவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னிரவில் கடற்கரைக்குப் போகும்போதும் வரும்போதும் சாலையில் உட்கார்ந்திருக்கும். முகப்பு வெளிச்சத்தில் கண்கள் தணல்போல் மின்னும். வண்டியை நிறுத்தி, விளக்கை அதன்மேல் வைத்துக்கொண்டே எல்லாரும் இறங்கிப் படமெடுக்கும் காட்சி சகிக்க முடியாதது. விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, அது எழும்பும்வரை நில்லுங்கள், போதும்.

படங்களைச் செம்மைப்படுத்துவதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு. பால்வீதியைக் கத்தரிப்பூ நிறத்தில் காட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அது திருமணப் பந்தல் விளக்கை நினைவூட்டுகிறது. தம்பிக்கு அதுதான் அழகு. அது போகட்டும், ஆனால் ஓர் இரவின் வானத்தையும் வேறோர் இரவின் முன்புறத்தையும் சேர்த்தால் அப்படிச் சேர்த்தது என்று படத்தின் கீழே எழுத வேண்டும் என்பதில் குழு ஒருமனதாக இருக்கிறது.

தூக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, காலை பத்துவரை வெயிலில் நின்றவர் கும்பகோணம்வரை வண்டி ஓட்டக் கூடாது. கேமரா தொடாத ஓட்டுநர் ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, அவரை இரவு முழுக்கத் தூங்கவிடுகிறோம். அந்தச் செலவைப் பத்தாகப் பிரித்தால் ஒரு மெமரி கார்டு விலைகூட வராது. மூடிய காலணி கட்டாயம். மணல்மேட்டுப் புதர்களில் பாம்புகள் உண்டு. யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய ட்ரைபாட் காலின் அடியில் சிறு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். குழுவில் பெண்கள் இருந்தால் கழிப்பறை எங்கே என்பதை முதலில் விசாரித்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். இதை அக்கா சொல்லித்தான் ஆண்கள் நாங்கள் யோசிக்கவே தொடங்கினோம்.

எந்த மாதம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிப்ரவரி. ஜனவரியில் பறவைகள் நிறைய, ஆனால் பால்வீதியின் மையம் விடியலுக்குச் சற்று முன்புதான் தலைகாட்டும். மார்ச்சில் பால்வீதி நள்ளிரவு கடந்ததுமே எழுந்து விடிவதற்குள் உயரமாக வந்துவிடும். ஆனால் பறவைகள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும், வெயிலும் ஏறிவிடும். குழுவில் பாதிப் பேர் டிசம்பர்தான் என்று அடம்பிடிக்கிறார்கள்: டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு, நல்ல இருட்டில் மணிக்கு நூறுகூடத் தெரியலாம் என்பது அவர்கள் வாதம். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்குமா என்பது என் வாதம். இந்த முறை அவர்கள் கட்சி வென்று அறையும் பதிவாகிவிட்டது. நானும் போகிறேன், பையில் வெப்பப் பட்டையோடு மழைக்கோட்டும் இருக்கிறது.